நோன்பு மாதத்துக் குளிசைகள்

கிண்ணியா
2.10.1974

இராசமலருக்கு,

உம்மா உயிரோடு இருக்கிறா. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்று பதினாலாம் நோன்பு. மத்தியான லுஹர் தொழ எழும்பியவ அப்படியே சரிந்துவிட்டா. உடம்பெல்லாம் வேர்வை. என்னையே யாரென்று கேட்டா. தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினால் படகு அக்கரையில் நின்றது. ஒருவழியாக உங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து சேர்த்தோம். இரத்தத்தில் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கிவிட்டது என்றார் டொக்டர்.

உம்மா கண் திறந்ததும் கேட்டேன். நாளுக்கு மூன்று என்று சீனி வருத்தக் குளிசை உறையில் எழுதியிருக்கிறது, பகலில் வாய் திறக்க ஏலாது, அதனால் விடியமுன் ஸஹருக்கு மூன்றையும் சேர்த்து விழுங்கினேன் என்கிறா. அந்த உறையில் இருப்பது உங்கள் கையெழுத்து. எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி குடித்தவர் நீங்கள். இது என்ன மாதம் என்று உங்களுக்குத் தெரியாதா?

டொக்டர் நோன்பை விடச் சொல்கிறார். உம்மா குளிசையை விடுவேன் என்கிறா. குளிசை இல்லாமல் அவ எத்தனை நாளைக்கு?

பரீனா


திருகோணமலை
6.10.1974

பரீனா,

என்னை ‘நீர்’ என்னாமல் ‘நீங்கள்’ என்று எழுதிவிட்டீர். எழுதும். உமக்கு அந்த உரிமை உண்டு.

பதினாறு வருடமாக இந்த ஆஸ்பத்திரி மருந்து யன்னலில் நிற்கிறேன். அதில் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் திறப்பு. எனக்குத் தெரிவது கைகள்தான், முகங்கள் அல்ல. உம்மாவின் கையையும் நான் அடையாளம் காணவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

உமது கடிதம் கிடைத்ததும் போன வருட நோன்பு மாதத்து வார்டுப் பதிவைப் புரட்டினேன். கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து மயங்கி வந்தவர்கள் பதினொரு பேர். ஒன்பது பேர் உம்மாவின் அதே குளிசைக்காரர். பதிவைத் தூக்கிக்கொண்டு டொக்டர் பாக்கியரத்தினத்திடம் போனேன்.

“மிஸ் சோமசேகரம், மருந்து எழுதுறது நான். எண்ணிக் குடுக்கிறது நீங்கள். அதோட நில்லுங்கோ” என்றார்.

“நீங்கள் எழுதினதை நோயாளியள் எப்பிடி விழுங்கினவை எண்டு கேக்க இங்க ஒருத்தரும் இல்லை, டொக்டர்” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். பதிவை அவர் திருப்பித் தரவில்லை.

இந்த மாதம் மட்டும் உம்மா நோன்பு பிடிக்க வேண்டாம், குளிசையையும் விட வேண்டாம். கெஞ்சிக் கேட்டதாகச் சொல்லும். உம்மிடமும் ஒன்று கேட்கிறேன். உமது தெருவில் சீனி வருத்தக்காரர் நோன்பில் எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுகிறார்கள், குளிசையை எப்போது எடுக்கிறார்கள் என்று விசாரித்து எழுதும். அவர்கள் எனக்குச் சொல்லமாட்டார்கள். டீச்சர் உமக்குச் சொல்வார்கள்.

இராசமலர்


கிண்ணியா
17.11.1974

மலர்,

இருபத்து மூன்று வீடு ஏறி இறங்கினேன். விபரம் தனித்தாளில் இருக்கிறது. மூன்றையும் ஒன்றாக விழுங்குகிறவர்கள் எட்டுப் பேர். மாதம் முழுக்கக் குளிசையைத் தொடாதவர்கள் பதினான்கு பேர். மிச்சம் அசனா மாமி. தன்னுடையதை, நோன்பு பிடிக்காத தன் புருசனுக்குக் கொடுத்துவிடுகிறாவாம். “அவருக்குத்தானே பகல்ல வாய் திறந்திருக்கு” என்கிறா. மனுசனுக்குச் சீனி வருத்தமே இல்லை.

டொக்டரிடம் ஏன் கேட்கவில்லை என்றால் எல்லோருக்கும் ஒரே பதில்தான். கேட்டால் நோன்பை விடச் சொல்வார், அதனால் கேட்பதில்லை.

உம்மா நீர் சொன்னபடி கேட்டா. பெருநாள்வரை சுவரைப் பார்த்தே இருந்தா. ஒன்பது வயதில் இருந்து பிடித்த நோன்பு. அடுத்த வருடமும் இப்படியென்றால் அவ எனக்குத் தெரியாமல் பிடித்துவிடுவா, மலர். அதுதான் என் பயம்.

பரீனா


திருகோணமலை
30.8.1975

அன்புள்ள பரீனா,

நேற்று மருந்தோடு கிண்ணியாவுக்கு வந்தும் கதைக்கவே நேரம் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உமது தாளைப் படித்த அன்று டொக்டர் அசனா மாமியின் கதைக்கு வந்ததும் சிரித்தார். பிறகு “இருங்கோ” என்று கதிரையைக் காட்டினார். பதினாறு வருடத்தில் முதல் தடவை. அதன்பிறகு எத்தனையோ பின்னேரங்கள் இருந்து கணக்குப் பார்த்தோம். நோன்பே கூடாதவர்கள் யார் என்று அவர் பிரித்தார். மற்றவர்களுக்கு மத்தியான வேளையை எடுத்துவிட்டு, நோன்பு திறக்கும்போது கூடுதலாகவும் ஸஹருக்குக் குறைவாகவும் மாற்றினோம். அளவை அவர் எழுதினார். நேரத்தையும் சாப்பாட்டையும் நான் பொருத்தினேன்.

வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்து, நோன்புக்குக் குளிசை நேரம் மாற்றித் தருகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் மௌலவி சொன்னதும் நாற்பத்தொரு பேர் உமது பள்ளிக்கூடத்துக்கு வந்தார்களே, ஒவ்வோர் உறையையும் நான் இரண்டு தரம் எண்ணினேன். யன்னல் இல்லாமல் மருந்து கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

ஒன்றுதான் உறுத்துகிறது. வேர்த்து நடுங்கினால் அந்த நிமிடமே சீனித் தண்ணீர் குடித்து நோன்பை முறிக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். மற்றவர்கள் தலையாட்டினார்கள். உம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டா. அவ முறிக்காவிட்டால் நாங்கள் செய்த எதுவும் அவவைக் காப்பாற்றாது. பார்த்துக்கொள்ளும்.

உமது,
மலர்


கிண்ணியா
8.10.1975

என் மலர்,

நேற்றுப் பெருநாள். பெருநாள் இனிப்பு, வட்டிலாப்பமும் தொதலும், படகில் உமக்கு வருகின்றன. படகுக்காரனிடம் கேட்டேன். இந்த மாதம் மயக்கம் என்று ஒருவரையும் அவன் அக்கரைக்கு ஏற்றவில்லையாம். அந்த நாற்பத்தொரு பேரில் நோன்பு வேண்டாம் என்று நீர் தடுத்த ஐந்து பேரும் உம்மை ஏசவில்லை. அது பெரிய வெற்றி.

செவ்வாய் தோறும் யன்னலுக்கு வெளியே உமக்கு மேசை போட்டு, மருந்து வாங்குகிறவர்கள் உமக்கு முன்னால் இருந்து கதைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று டொக்டர் உத்தரவு போட்டதாக, மருந்தெடுக்க வந்துபோன பக்கத்து வீட்டுச் சித்தி பரீதா வந்து சொன்னா. மூதூர் ஆட்களும் கேட்கிறார்களாம். நீர் ஒரு வார்த்தை எழுதவில்லை. கள்ளி.

இனி உம்மா. முப்பதில் இருபத்தெட்டுப் பிடித்தா. பத்தொன்பதாம் நாளும் இருபத்து நாலாம் நாளும் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு கை நடுங்கியது. பத்தொன்பதாம் நாள் நான் வீட்டில் இல்லை. அவவே குசினிக்குப் போய்ச் சீனியைக் கரைத்துக் குடித்திருக்கிறா. நான் வரும்போது அசனா மாமி வாசலில் நின்று, மஃரிபுக்கு நோன்பு திறக்க இரண்டு மணித்தியாலம்கூட இல்லையே, இதைப் பொறுக்க ஏலாதா என்று நியாயம் கேட்டுக்கொண்டிருந்தா.

உம்மா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் பதில் சொன்னா.

“மலர் சொன்னா, முறிச்சன். பிறகு ரெண்டு நோம்பு பிடிச்சுக் குடுப்பன். அல்லாஹ் ஏனெண்டு கேட்டா அவட பேரைச் சொல்லுவன். அவ வந்து கணக்குச் சொல்லட்டும்.”

பரீனா