லிஃப்ட் குழியும் சிவப்பு அம்புகளும்

அன்புள்ள சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். மூட்டுவலி வழக்கம்போல, பசி வழக்கம்போல, கோபம் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். இதற்கு மாறாக யார் என்ன சொல்லியிருந்தாலும், சொன்னது உன் கூடப் பிறந்தவனாகவே இருந்தாலும், நம்பாதே. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தாய், காதை மூடாமல் வெளியே போகாதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு முதலில் காதில்தான் வலி வரும். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. மூன்று தடவை படித்தேன். போனில் பதில் சொல்லியிருக்கலாம், ஆனால் போன் என்றால் நீ அழுவாய், நான் கத்துவேன், நடுவில் உன் அண்ணன் ஒரு பக்கம் நுழைந்து எனக்கும் சேர்த்து அவனே பேசுவான். நீ கைப்பட எழுதினாய், நானும் கைப்படவே எழுதுகிறேன். அவன் சொன்ன கதையைக் கேட்டுவிட்டாய், இனி நடந்ததைக் கேள்.

நம் கட்டடத்து லிஃப்ட் நின்று ஆறு வருஷம் ஆகிறது, உனக்கே தெரியும். ரிப்பேருக்கு என்று பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான். ஐந்து மாடியிலும் அந்த மடக்குக் கம்பிக் கதவும் அதற்குப் பின்னால் குழியும்தான் மிச்சம். கம்பி இடைவெளியில் ஒரு கை நுழையும், அது போதாதா நம்மவர்களுக்கு, வேண்டாதது எல்லாம் அதற்குள்ளே போக ஆரம்பித்தது. இந்தக் கோடையில் நாற்றம் மூன்றாம் மாடிக்கு, நம் வாசலுக்கே வந்துவிட்டது. அசோசியேஷன் செக்ரட்டரியிடம் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். பேங்க் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர் இல்லையா, இரண்டையும் வாங்கி ஃபைலில் வைத்துப் பார்க்கலாம் பார்க்கலாம் என்றார். அவர் பார்த்த லட்சணம் போதும் என்று வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக் கீழ்த்தளத்துக் கதவைத் திறந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு நானே இறங்கிவிட்டேன். நாலு நாள் ஆயிற்று. அழுகினது எல்லாம் குப்பை வண்டியில் போனது. அழுகாதது ஒன்பது சாக்கு தேறியது, ஒற்றைச் செருப்புகள், ரிமோட்டுகள், கைப்பிடி போன குக்கர் மூடிகள், குடைக்கம்பிகள், மூடி திருகாத பிளாஸ்க், ஒரு பொம்மையின் கால், கால் இல்லாத இன்னொரு பொம்மை. எல்லாவற்றையும் கழுவி மொட்டை மாடியில் காயப் போட்டேன். தூக்கிப் போடத்தான் நினைத்தேன், உன்னிடம் பொய் சொல்வானேன்.

ஆனால் காய்ந்ததை ஒவ்வொன்றாக எடுத்தபோது கை சும்மா இருக்கவில்லை. இருபத்தேழு வருஷம் அந்தத் துணி ஃபேக்டரியில் செக்கிங் டேபிளில் நின்றவள் நான். காலரில் தொடங்கி, தோள், கை, பக்கத் தையல், கடைசியில் அடி மடிப்பு, இந்த வரிசை தவறாமல் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. வேலையை விட்டு வந்த அன்றைக்கு சூப்பர்வைசர் மிச்சம் இருந்த ஸ்டிக்கர் பெட்டி ஒன்றைச் சிரித்துக்கொண்டே என் கையில் கொடுத்தாள், நீ கூட இதை எதற்கு என்று கேட்டாய். அதை எடுத்து வந்தேன். குக்கர் மூடியில் கைப்பிடி உடைந்த இடத்தில் ஓர் அம்பு. செருப்பில் வார் அறுந்த இடத்தில் ஓர் அம்பு. சில சாமானில் எவ்வளவு தேடினாலும் குறையே அகப்படவில்லை சிட்டு, நல்ல சாமான், சும்மா சலித்துப்போய்ப் போட்டிருக்கிறார்கள். அதற்கெல்லாம் அம்பு ஒட்டவில்லை.

பிறகு ஒரு யோசனை வந்தது. பத்து வீடு, எந்த வீட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாதா, முப்பது வருஷமாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறோம். எந்த மாடிக்காரர்கள் போட்டார்களோ அந்த மாடியின் உயரத்திலேயே அந்தச் சாமானைக் குழிக்குள் தொங்கவிட்டேன். ஆரம்பத்தில் வஞ்சம்தான், மறைக்கவில்லை, கதவைத் திறந்தால் அவரவர் லட்சணம் அவரவர் கண்ணில் படட்டும் என்றுதான் செய்தேன். கீழ்வீட்டு வெல்டர் தம்பி ஒவ்வொரு மாடியிலும் குறுக்கே கம்பி வைத்து, அதற்குக் கீழே வலையும் அடித்துக் கொடுத்தான், ஆகவே நான் விழுந்து சாவேன் என்று யாரும் பயம் காட்ட வேண்டாம். தூண்டில் நரம்பில் கட்டி, துணி உலர்த்துகிற கொக்கிக் கோலால் மாட்டினேன். இரண்டு மாசம் ஆயிற்று. காலை பத்து மணிக்கு மேல்கூரைக் கண்ணாடி வழியாக வெயில் நேராக இறங்கும்போது, குக்கர் மூடிகளும் கண்ணாடித் துண்டுகளும் மெதுவாகத் திரும்பி, படிக்கட்டுச் சுவர் முழுக்க வெளிச்சம் நகரும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு நான் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன். அதையும் உன் அண்ணன் உனக்கு வேறு விதமாகச் சொல்லியிருப்பான்.

இரண்டாம் மாடி நர்ஸ் டூட்டி முடிந்து வந்தவள் ஒரு நாள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அவள் அம்மாவின் காதுக் கருவி அங்கே தொங்குகிறது, போன வருஷம் அந்த அம்மாள் தவறியபோது போட்டிருக்கிறாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அலமாரியில் வைத்துப் பார்க்க முடியவில்லை அக்கா, இங்கே இருந்தால் பார்க்க முடிகிறது என்றாள். அன்றோடு என் வஞ்சம் போயிற்று. அப்புறம் யாரும் குழிக்குள் வீசுவதில்லை, உடைந்ததை என் வாசலில் கொண்டுவந்து வைக்கிறார்கள், இது எப்போது உடைந்தது என்று நின்று கதையும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த நர்சுக்குத் தெரிந்த ஓவிய ஆசிரியை ஒருத்தி வந்து ஐந்து மாடியும் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, இதற்கு இன்ஸ்டலேஷன் என்று பெயர், இதுவும் ஒரு கலைதான், வெளிநாட்டில் இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றாள். இதன் மூலம் என்ன சொல்ல வருகிறீர்கள் என்றும் கேட்டாள். எங்கே உடைந்தது என்று காட்டியிருக்கிறேன், வேறென்ன சொல்வது என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள் பாவம்.

செக்ரட்டரிக்குத்தான் பொறுக்கவில்லை. நாலாம் மாடியில் அவர் வாசலுக்கு நேரே ஒரு கடிகாரம் தொங்குகிறது, ரிட்டயர் ஆன அன்று ஆபீசில் கொடுத்தது, அவர் பெயரே பொறித்திருக்கிறது, முள் நின்றுபோன இடத்தில் என் அம்பு. அது என்னுடையது இல்லை என்று பெயரைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார் மனுஷர். மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள், பொது இடத்தில் தனிநபர் வைத்திருக்கும் குப்பைகளை மாசக் கடைசிக்குள் அகற்ற வேண்டும் என்று. தனிநபர் குப்பையாம். எனக்கு வந்ததே ஆத்திரம், ஸ்டிக்கர் பெட்டியை எடுத்துக்கொண்டு தரைத்தளத்துக்கு இறங்கி, துணியைப் பார்ப்பது மாதிரியே கட்டடத்தைப் பார்த்தேன். உடைந்த படி, எரியாத விளக்கு, ஒழுகுகிற குழாய், ஆடுகிற கைப்பிடி, ஆறு வருஷமாக ஒன்றுக்கும் உதவாத லிஃப்ட் பட்டன், மொத்தம் எண்பத்தாறு அம்பு. கடைசி அம்பு அந்த நோட்டீசில், தனிநபர் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில்.

இனி உன் அண்ணன் சட்டைக் கதை. இதில் தப்பு என்னுடையதுதான். நான் கட்டடம் முழுக்க ஒட்டிவிட்டு வந்த மறுநாள் காலை ஆபீஸ் போகிற வழியில் அவன் வந்தான், செக்ரட்டரி போன் செய்திருக்கிறார். என்னம்மா இது என்று ஆரம்பித்தான், பேசிக்கொண்டே திரும்பினான், தோள் தையல் இரண்டு விரற்கடை விட்டிருந்தது. சொன்னால் நம்பு, நான் நினைத்துச் செய்யவில்லை, கை தானாகப் போய் ஓர் அம்பை ஒட்டிவிட்டது. அவனும் கவனிக்கவில்லை, நானும் மறந்துவிட்டேன். அன்றைக்கென்று பெரிய அதிகாரிகள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, முதுகைக் காட்டிக்கொண்டு போர்டில் ஒரு மணி நேரம் விளக்கம் கொடுத்திருக்கிறான். சாயங்காலம் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. மன்னிப்புக் கேட்டேன், கழற்றிக் கொடு தைத்துத் தருகிறேன் என்றேன், தையல் விட்டது உண்மைதானே என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உடனே இன்றைக்கு என்ன கிழமை என்று என்னைக் கேட்டான். நீதானே ஆபீசுக்குப் போய்விட்டு வருகிறாய், உனக்குத் தெரியவில்லையா என்றேன். அவன் சிரிக்கவில்லை. அந்த நிமிஷத்திலிருந்துதான் அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்ற முடிவுக்கு வந்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். பத்து வீடும் வந்தது. இது என் குப்பை இல்லை, இதில் என் சாமான் ஒரே ஒரு சீப்புதான், மற்றது யாருடையதோ அவர்கள் என்னுடையது என்று சொல்லித் தங்கள் கையாலேயே கழற்றிக்கொண்டு போகட்டும், நான் ஏணி பிடிக்கிறேன் என்றேன். ஏணிப் பக்கம் ஒருவரும் வரவில்லை. அப்புறம் வெல்டர் எழுந்து, எண்பத்தாறு அம்பில் பதினொன்றை நான் வெல்டிங் செய்து தருகிறேன் என்றான், உடனே பேச்சு குழாய், படி, விளக்கு என்று போய்விட்டது, நோட்டீசைப் பற்றி யாருக்கும் நினைவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது உன் அண்ணன் எழுந்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, எல்லாரும் பொறுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் வீட்டை விற்றுவிட்டு என்னோடு கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். கையைக் கூப்பிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னான். அத்தனை பேர் நடுவில் என் பிள்ளை எனக்காக மன்னிப்புக் கேட்டான் சிட்டு. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவன் கெட்டவன் இல்லை, எனக்குத் தெரியும். பயப்படுகிறான். அவன் வீட்டில் எனக்கு என்று ஓர் அறை ஒதுக்கி, திரைச்சீலை எல்லாம் போட்டு வைத்திருக்கிறார்களாம், அண்ணி போட்டோ அனுப்பினாள். சுத்தமான அறை, உடைந்தது ஒன்றுகூட இல்லை, அங்கே நான் என்ன செய்வது. அப்பா போன துக்கத்தில் அம்மா இப்படி ஆகிவிட்டாள் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டீர்களாம். அந்தப் பேச்சை இன்றோடு விடுங்கள். உங்கள் அப்பா இருந்திருந்தால் ஒற்றைச் செருப்பை வீட்டுக்குள் கொண்டுவர விட்டிருக்க மாட்டார், இந்தக் குழிப்பக்கமே என்னைப் போக விட்டிருக்க மாட்டார், அதுதான் உண்மை. அவர் இல்லையே என்று அழுதிருக்கிறேன், இப்போதும் அழுகிறேன், ஆனால் இது அந்த அழுகையில் வந்தது இல்லை. இது எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் செய்கிறேன். அறுபத்து மூன்று வயதில் ஒருத்திக்கு ஒன்று பிடித்துப்போனால் அதற்கு வியாதி என்றுதான் பெயரா.

வீடு அப்பாவுக்குப் பிறகு நம் மூன்று பேர் பெயரிலும் இருக்கிறது. விற்க நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவனிடம் சொல்லியாயிற்று. நீயும் போட்டுவிட்டால், இரண்டு பிள்ளைகளும் ஒரு பக்கம், கிழவி மட்டும் முரண்டு பிடிக்கிறாள் என்று டாக்டரிடம் போவான், வக்கீலிடம் போவான், அப்புறம் நான் என்ன சொன்னாலும் அது வியாதியின் பேச்சு ஆகிவிடும். எனக்குப் பயமாக இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. ஆனாலும் போக மாட்டேன். மாசக் கடைசிக்குள் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். என்னை நேரில் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது உனக்கு. ஒரு பீசைக் கையில் எடுக்காமல், விரித்துப் பார்க்காமல், பக்கத்து டேபிள்காரி சொன்னாள் என்று ரிஜெக்ட் போட்டவள் எங்கள் ஃபேக்டரியில் ஒருத்தியும் கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் ஒரு வேளை சமைக்கச் சொல், ஒன்றும் குறைந்துவிடாது. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நிறைய வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உன் அண்ணன் குடும்பமும் அப்படியே, அவன்மேல் கோபம் இருக்கிறது, சாபம் இல்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்த உறையில் உன் கடிதத்தையும் திருப்பி வைத்திருக்கிறேன், எடுத்துப் பார். இரண்டாம் பக்கத்தில், நீ பழைய அம்மா இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிக்குப் பக்கத்தில் ஓர் அம்பு இருக்கும். அம்பைக் குறையின் மேலே ஒட்டக் கூடாது, பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும், அப்போதுதான் திருத்துகிறவளுக்கு இடம் தெரியும். உன் கடிதத்தை நான் ரிஜெக்ட் செய்யவில்லை. திருத்தி அனுப்பு.

அம்பு ஒட்டும் கையால் ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா