காகிதம் சிவப்பாகவே இருந்தது

திண்டிவனம்,
14.8.2014

அன்புள்ள ஜெனித் மச்சானுக்கு ஆண்டோ எழுதுவது. குவைத் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் போனை நீங்கள் எடுப்பதில்லை. அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் சவுரிராயனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் தங்கச்சி மருந்து குடித்துத்தான் செத்தாள் என்று நீங்களும் நம்புவதாகச் சொன்னார்கள். வெனிலா காய்ச்சலோடு கூட்டேரிப்பட்டில் அத்தை வீட்டில், உங்கள் அம்மாவிடம்தான் இருந்தாள். நான் விழுப்புரத்தில், லேபில். அவளுக்கு ஃபிட்ஸ் வந்து நுரை தள்ளியதும் அத்தை ஆட்டோ பிடித்து இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார்கள். நர்ஸ் கேட்டதற்கு, "மருந்து குடிச்சிட்டுப் படுத்துக்கினு இருந்தாம்மா, எழுப்புனா எழுந்திருக்கல" என்றார்கள். அத்தை சொன்னது இருமல் மருந்தை. நம்ம பக்கம் மருந்து குடித்தாள் என்றால் பூச்சிமருந்து என்றுதானே நர்ஸுக்குக் கேட்கும்? வயிற்றைக் கழுவினார்கள். நான் போனபோது காய்ச்சலுக்கு யாரும் ஒன்றும் செய்திருக்கவில்லை.

"தங்கத்தைக் கரைச்சிக்கினே இருக்காரு, எனக்கு ஒரு மூக்குத்தி இல்ல" என்று உங்களிடம் என்னைக் கிண்டல் செய்வாளே, லேபில் நான் செய்யும் அந்த நானோ தங்கம் தடவிய காகிதப் பட்டையில்தான் சோதித்துப் பார்த்தேன். பூச்சிமருந்து கொஞ்சம் பட்டாலும் சிவப்பு நீலமாகிவிடும். அவள் வாந்தி பட்ட முந்தானையை நனைத்து அதில் வைத்தேன். சிவப்பாகவே இருந்தது. பட்டை கெட்டுவிட்டதோ என்று, மல்லாட்டைப் பயிருக்குப் பூச்சிமருந்து அடித்த ஸ்பிரேயரைக் கழுவிய தண்ணீரில் இன்னொன்றை வைத்தேன். நீலமானது.

எங்கள் லேப் சார் பார்த்துவிட்டு, "உன் பொண்டாட்டிக்கு நீயே டெஸ்ட் பண்ணா எவன்யா ஒத்துக்குவான்" என்றார். சரிதான். எல்லா விஷத்தையும் அது காட்டாது, மச்சான். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. அன்று அந்த ஆஸ்பத்திரி மேசையில் இந்தப் பட்டை ஒன்று இருந்திருந்தால்...

வேலைக்குப் போகிறேன். பட்டை செய்கிறேன். நிறம் மாறுகிறது, குறித்துக்கொள்கிறேன்.

அத்தை இப்போது மருந்து என்ற சொல்லையே எடுப்பதில்லை. பி.பி. மாத்திரையும் போடுவதில்லை. போடச் சொன்னால், "என் வாய்தாம்பா அவள முடிச்சிது" என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். நீங்களும் பேசாமல் இருப்பதால், அதுதான் உண்மை என்று முடிவே செய்துவிட்டார்கள்.

என்னை நம்பாவிட்டாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அத்தை வீட்டில்தான் இருப்பார்கள். ஒருமுறை கூப்பிடுங்கள். அன்று என்ன சொன்னாய் என்று கேட்காதீர்கள். சாப்பிட்டியா என்று கேளுங்கள். அப்புறம், மாத்திரை போட்டியா என்று கேளுங்கள். வாய் தவறியும் மருந்து என்று சொல்லிவிடாதீர்கள்.

மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

ஆண்டோ