மூடி திறக்கப்படவில்லை

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

முப்பது வருஷம் உங்களுக்கு மனைவியாக இருந்தவள் எழுதுகிறேன்.

நான் மகள் வீட்டுக்கு வரும்முன் சமைத்து ஃப்ரீசரில் வைத்த சாப்பாடு தீர்ந்துவிட்டதாம், எப்போது வருகிறாய் என்று தினமும் போனில் கேட்கிறீர்கள். பேரனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு நேற்றுதான் வீட்டுக்கு வந்தான். கிணற்றுத் தண்ணீரில் மலக்கிருமியாம்.

போன மாதம் நம் மகள் மார்லிஸ் இந்த வீட்டை வாங்கும்முன், வீடுகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டராக வந்து கிணற்றையும் செப்டிக் டேங்கையும் சோதித்தது நீங்கள்தான். "பனி மூடியிருந்ததால் டேங்கின் மூடி திறக்கப்படவில்லை. உள்ளே இருப்பதற்கு நான் பொறுப்பல்ல" என்று எழுதி, பெற்ற மகளிடமே கையெழுத்து வாங்கினீர்கள்.

"அப்பா குடுத்த பேப்பர்தானேன்னு படிக்காமலே போட்டேம்மா" என்று அழுகிறாள். நீங்களோ, "அவதான கையெழுத்துப் போட்டா, என்னை எதுக்குடி கேக்குற?" என்றீர்கள்.

இன்று காலை நானே பனியை வாரினேன். மூடியைத் திறந்ததுமே தெரிந்தது: சுவரில் விரிசல், தண்ணீர் பாதிக்கும் கீழே. மீதியெல்லாம் கிணற்றுப் பக்கம் கசிந்திருக்கிறது.

மொத்தம் பத்து நிமிஷம் ஆனது. மண்வாரிகூட உங்களுடையதுதான். சோதிக்க வந்த அன்று இங்கேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

நம் வீட்டுச் சாவியை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போட்டவளின் அம்மா