ஆறாவது கால்

அக். 12, ஞாயிறு

புழுக்கம். வானம் மூடியே கிடக்கிறது, மழை இல்லை.

எனக்குப் பதில் தெரியாத கேள்வி: அந்தக் கரப்பானின் ஆறாவது கால் எங்கே?

மதியம் சாப்பிட்டுவிட்டு சேகர் ஹால் தரையில் படுத்திருந்தார். திடீரென்று வலது காதைப் பொத்திக்கொண்டு அலறல். உள்ளே ஏதோ நடக்கிறதாம். அவருக்கு இருப்பதே அந்த ஒரு காதுதான். இடது காது எங்கள் கல்யாணத்துக்கு வெகு முன்பே, ஆறு வயதில், பொன்னுக்கு வீங்கியோடு போய்விட்டது.

எதிர் ஃப்ளாட் மணி சார் ஓடிவந்து செல்போன் டார்ச்சை அடித்தார், உள்ளே கரப்பான். "வெளிச்சம் பாத்தா தானா வெளிய வந்துரும் மேடம்." வெளிச்சத்தைக் கண்டால் கரப்பான் உள்ளேதான் ஓடும். ஓடியது. இன்னொரு அலறல். மணி சார் கையைத் தட்டிவிட்டேன். (நாளை மன்னிப்புக் கேட்க வேண்டும்.)

காதுக்குள் தேங்காய் எண்ணெய், இரண்டு ஸ்பூன். கரப்பானுக்கு மூச்சு மூக்கில் இல்லை. உடம்பின் இரு பக்கமும் பத்துப் பத்துத் துளை. எண்ணெய் அத்தனையையும் அடைக்கும். அசைவு நிற்க ஆறு நிமிடம். எம்.எஸ்சி. விலங்கியல் முடித்து இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்த பிறகு, படிப்பு பயன்பட்டது அந்த ஆறு நிமிடம்தான்.

குரோம்பேட்டை கிளினிக். ட்யூட்டி டாக்டர் மூன்று துண்டாக எடுத்தார். "முடிஞ்சுது." துண்டுகளைக் கேட்டேன். நர்ஸ் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். "எதுக்கு மேடம், தொக்கு போடவா?"

வீட்டில் வெள்ளைத் தட்டு, லென்ஸ், ஊசி. சின்ன வகை. கழுத்துத் தகட்டில் இரண்டு கருங்கோடு.
தலை 1. உணர்கொம்பு 2, முழுசாக.
இறக்கை 4.
வயிற்று நுனியில் குட்டிக் கொம்புகள் 2.
கால் 5.

மூன்று முறை எண்ணினேன். இடது பின்னங்கால் இல்லை. காதுக்குள் இருக்கிறதா, முன்பே போயிருந்ததா? ஒடிந்த இடம் எண்ணெயில் ஊறிவிட்டது. பழைய காயமா புதியதா, தெரியவில்லை.

சேகருக்கு இப்போது ஒன்றுமே கேட்கவில்லை. வீக்கம், மூன்று நாளில் சரியாகும் என்றார் டாக்டர். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டுகிறேன்.

அக். 13, திங்கள்

தூறல். லீவு போட்டேன். கிளினிக்குக்கு போன் போட்டு, ஒரு கால் குறைகிறது என்றேன். "டாக்டரே எல்லாம் வந்துருச்சுன்னு சொல்லிட்டாரே மேடம்."

வேலைக்கு வரும் கஸ்தூரி தட்டைப் பார்த்துவிட்டாள். "இன்னாக்கா இது, சோறு துன்ற தட்டுல!" ஒரு கால் குறைகிறது என்றேன். "கால் இல்லாத கரப்பான் எத்தினி பாத்துகீறேன். தொடப்பத்தால ஒண்ணு போட்டா, காலை வுட்டுட்டு ஓடிக்கினே இருக்கும்."

உண்மைதான். பிடிபட்ட காலை விட்டுவிட்டு ஓடும். இளசாக இருந்தால் தோலுரிக்கும்போது புதுக்கால் முளைக்கும். இது இறக்கை வந்தது, இனி தோலுரிக்காது. முன்பே போயிருக்கலாம். கஸ்தூரி சொல்வதை நம்ப ஆசை. ஆசைப்படுவதாலேயே நம்ப முடியவில்லை.

மிச்சம் ஐந்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்கள் எல்லாம் பாதத்தை நோக்கிச் சாய்வு. முன்னே போக ஊன்றும். பின்னால் இழுத்தால் மாட்டும். உடம்பு தகடு தகடாக, ஒன்றன்மேல் ஒன்று சறுக்கித் தட்டையாகும். அந்தக் குட்டிக் கொம்புகளில் மெல்லிய மயிர். பின்னால் காற்று அசைந்தால் மூளையைக் கேட்காமலே கால் ஓட ஆரம்பித்துவிடும். எலும்பு மாதிரியானது முழுக்க வெளியே, மெத்தென்றது முழுக்க உள்ளே. அருவருப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இவ்வளவு நேர்த்தியான ஒன்றை எண்ணெய் ஊற்றிக் கொன்றது நான். வேறு வழியில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

"கவலைப்படாதீங்க" என்று எழுதிக் காட்டினேன். சேகர் தெருவுக்கே கேட்கிற மாதிரி: "நீ பேசறதே கம்மி! எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல!" சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். குழாய் தேவையில்லை, அவருக்குக் கேட்காது என்பது அப்புறம்தான் உறைத்தது.

சாயங்காலம் காதில் குத்துகிறது என்கிறார். நிஜமாகவா, காலைப் பற்றி நான் எழுதிக் காட்டியதாலா?

தாம்பரத்தில் மைக்ரோஸ்கோப் வைத்திருக்கும் காது டாக்டர். நாளை 10.30.

அக். 14, செவ்வாய்

நல்ல மழை. ஆட்டோவில் முக்கால் மணி நேரம். டப்பாவையும் கொண்டுபோனேன். டாக்டர் அம்மா அதை விளக்கடியில் வைத்துத் தானும் எண்ணினார். சிரிக்கவில்லை.

திரையில் சேகரின் காது. எண்ணெய், அழுக்கு. குழாய் விட்டு உறிஞ்சினார். செவிப்பறைக்கு முன்னால் குறுக்கே கிடந்தது. முழுக்கால் இல்லை, கீழ்ப்பாதி. நகம் தோலில் மாட்டியபடி. மேல்பாதி எங்கே என்று தெரியாது, காதில் இல்லை. செவிப்பறையில் கீறல். ஓட்டை இல்லை.

"அவர் பின்னாடி நின்னு மெதுவா ஏதாவது சொல்லுங்கம்மா. கேக்குதான்னு பாப்போம்."

என்ன சொல்வது. வாயில் வந்ததைச் சொன்னேன். காக்ஸா, ட்ரோகாண்டர், ஃபீமர், டிபியா, டார்சஸ். கரப்பான் காலின் பாகங்கள், மேலிருந்து கீழே.

சேகர் திரும்பினார். "எல்லாம் கேக்குது. ஒண்ணும் புரியல. இன்னொரு தடவ சொல்லு."