வெர்னாவின் நாற்பதாவது சுற்று

தங்கச்சி வெர்னாவுக்கு,

முதல் பிக்கப் லாரிப் பந்தயத்துக்கு நம் வீட்டிலிருந்து போனது நாலு பேர். வண்டி ஓட்டிய நீ, உன்னை எதிர்த்து ஓட்டிய என் கொழுந்தன் க்ளீட், பந்தயக்காரர்களுக்காக உன் சுற்றுகளைத் தாளில் கோடு போட்டு எண்ணிய என் புருஷன் ஹாலிஸ், வேலியோரம் அவித்த கடலை தின்ற நான்.

தீவன மூட்டை ஏற்றுகிற அந்த ஓட்டை வண்டியை வளைவில் நீ வழுக்கவிட்டுத் திருப்பினாயே, கரோலினா முழுக்கத் தேடினாலும் இன்றுவரை அப்படி ஒருத்தர் கிடையாது! மொத்தம் நாற்பது சுற்று; சுற்றுக்கு ஒரு கடலைத் தோட்டைப் பையில் போட்டேன். நீ முதலாவதாக வந்து முடித்தபோது நாற்பது இருந்தது. ஹாலிஸ் தாளில் முப்பத்தொன்பது.

"ஒரு சுத்து எங்கேய்யா போச்சு?"

"கண்ணுல தூசி விழுந்துருச்சுடி."

தாளில் இருப்பதுதான் கணக்கு என்று கோப்பை க்ளீட்டுக்குப் போனது.

இப்போது பந்தயத்தின் முப்பது வருஷ வரலாற்றை மைதானச் சுவரில் எழுதுகிறார்கள். முதல் பெயர் க்ளீட். இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்த அந்தத் தோடுகளை நேற்று ஹாலிஸ் சாப்பாட்டுத் தட்டில் கொட்டினேன்.

"பொம்பளகிட்ட தோத்தான்னு என் தம்பியச் சிரிப்பாங்களேன்னு பாத்தேன்" என்றார்.

அதையே எழுதவைத்து, கையெழுத்து வாங்கி, மைதானத்துக்குக் கொடுத்தேன். க்ளீட் பாவம், "எனக்குத் தெரியாது அண்ணி" என்று அழுதான். தன் பெயரைத் தானே சுரண்டினான். அவனை மன்னித்தேன்.

சனிக்கிழமை வந்து உன் பெயரைப் பார்.

இப்படிக்கு,
ஹாலிஸை மட்டும் மன்னிக்காத
உன் அக்கா