இல்லாத மாடு

தங்கச்சிக்கு,

நேற்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இரத்தோட்டையிலிருந்து வீட்டுவேலைக்கு வெளிநாடு போகும் பெண்களுக்கெல்லாம் நான் சொல்லும் புத்தி இதுதான்: ஆபத்து வந்து, பக்கத்தில் யாராவது நின்றால், போனில் மாட்டை விசாரியுங்கள், புரிந்துகொள்வோம்.

நேற்று நீ சிரித்துக்கொண்டே, "அக்கா, மாடு கன்னு போட்டிருச்சா?" என்று கேட்டாய். நானோ பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே, "நம்மகிட்ட ஏதுடி மாடு?" என்று கத்திவிட்டேன். நீ வேலை செய்யும் வீட்டு டிரைவருக்குத் தமிழ் தெரியுமே, பக்கத்தில் நின்று கேட்டிருப்பானே! அதன்பிறகு எத்தனை தரம் எடுத்தும் உன் போன் வேலை செய்யவில்லை.

நான் தகவல் கொடுத்த தூதரகத்து அம்மா, போனில் படமெடுத்து அனுப்பும் இந்தக் கடிதத்தோடு வருவார். என் எழுத்தைப் பார்த்து நம்பு. பாஸ்போர்ட் இல்லாமல் வெளியே இறங்காதே என்று படித்துப் படித்துச் சொன்னதை மறந்துவிடு. செருப்பைக்கூடத் தேடாதே.

நீ கேட்டதற்குப் பதில்: கன்னு போட்டிருச்சுடி. வா.

உன் அக்கா