மேல் வரி என்னுடையது

பாப்பா,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போ. அம்மா மூன்று மணிக்குத்தான் வருவாள்.

நேற்று, "தினம் ஆறு மணி நேரம் நாற்பது நிமிஷம் போனைப் பாத்தா காலு எப்படிடி ஓடும்?" என்று கத்தி உன் போனைப் பிடுங்கினேன். அதிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. காலையில், தினம் எவ்வளவு நேரம் போன் பார்க்கிறோம் என்று காட்டும் அந்தப் பட்டியலை மறுபடி பார்த்தேன். நம் இரண்டு போனையும் ஒன்றாக இணைத்திருப்பதால் நேரம் இரண்டு வரியாக வருகிறது. மேல் வரி என்னுடையது. உன்னுடையது கீழே, ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை செய்யும் நானே, எந்த ஒயர் எந்த மாடிக்குப் போகிறது என்று பார்க்காமலே வெட்டியிருக்கிறேன்.

"நீங்க மட்டும் சோபாவோட ஒட்டிக்கிட்டே கெடக்கலையாப்பா?" என்றாய். நீ சொன்னது உண்மை என்பதால்தான் பிடுங்கினேன். அழுகை வர வேண்டும். ஒன்றும் வரவில்லை, மனசு மரத்துப்போய் இருக்கிறது.

யோசித்தால் வரிசை இதுதான்: போன வருடம் இருவரும் காலையில் ஓடினோம். முதலில் நின்றது நான். நீ பத்து நாள் தனியாக ஓடிப் பார்த்துவிட்டு நின்றாய்.

உன் போன் அலமாரியில், துண்டுகளுக்கு அடியில் இருக்கிறது.

அப்பா

பி.கு.: என் போனும் அங்கேதான். வேலைக்குக் கம்பெனி போன் போதும்.

இன்னொன்று: நாளை ஆறு மணிக்கு ஓடப் போகிறேன். உன்னை எழுப்ப மாட்டேன். உன் ஷூ வாசலில் இருந்தால் உனக்காகக் காத்து நிற்பேன். இல்லாவிட்டாலும் ஓடுவேன்.